இடது கைக்குப் போன வில்

நேற்று ஆண்டர்சன்பேட்டைச் சந்தையில் எவனோ குங்கிலியம் உடைத்துக்கொண்டிருந்தான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் புளி வாங்க வந்ததே மறந்துபோனது. என் வீட்டுக்காரர் பிடில் வில்லுக்கு அதைத்தான் தேய்ப்பார். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் குழம்பு வாசனையைவிட அதுதான் தூக்கலாக இருக்கும். என் சமையலும் அப்போது அந்த லட்சணம்தான்.

அவருக்குச் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலை. ஷிப்டு இல்லாத ஞாயிறுகளில் மாதா கோயிலில் பிடில். இடது கை விரல்கள் தந்தியில் ஓடுவதைப் பார்த்துத்தான் நான் சம்மதம் சொன்னேன். முகத்தைப் பிறகுதான் சரியாகப் பார்த்தேன்.

கல்யாணமான வருஷமே சுரங்கத்தில் மரம் சரிந்து, அந்த இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. ஆறியதும், மிச்சமிருந்த விரல்களை மேலும் கீழும் இழுத்து வாசித்துப் பார்த்தார். பாட்டு வழுக்கி வழுக்கி விழுந்தது. பிடிலைப் பெட்டியில் வைத்து மூடியவர், என்னோடும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "இன்னாங்க, வில்லு புடிக்க அந்தக் கை போதாதா? சோத்துக்கைய தந்தில வெச்சுப் பாருங்களேன்."

"இன்னாமே, வெளாடுறியா? எல்லாம் தலகீழால்ல ஆவும்!"

சொன்னாரே தவிர, சாயங்காலம் தந்திகளைக் கழற்றி இடம் மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

வலது கை விரல்களுக்கு இடம் தெரியவில்லை. மயிரிழை தள்ளினாலும் சுருதி கெட்டது. நான் பாடுவேன், அவர் தேடுவார். பிசகினால் விரலைப் பிடித்து நகர்த்துவேன். எனக்குப் பிடிலில் ஒன்றும் தெரியாது, காது மட்டும் உண்டு. பக்கத்து வீட்டு முனியம்மாக்கா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, வூட்ல பூன ஈனுதா?" என்றாள். அவர் சிரித்துவிட்டார். விரல் போனபின் அன்றுதான் சிரித்தார்.

கிறிஸ்துமஸுக்கு வாசித்தார். முதல் அடியிலேயே, வில் பிடித்த இவர் இடது முழங்கை பக்கத்துப் பிடில்காரரை இடித்தது. அவர் முறைக்க, சாமியார் வாயைப் பொத்திக்கொள்ள, இவர் எழுந்துபோய் பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்து திரும்பத் தொடங்கினார். என் கண் வில்லில் இல்லை, விரல்களில் இருந்தது. ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் இறங்கியது. நான் பாடவே மறந்து நின்றேன்.

அப்புறம் வெகுகாலம் வாசித்தார். பிறகு ஆர்மோனியம் வந்தது, பிடில் பெஞ்சு போனது. அவருக்கு வருத்தமில்லை, ஞாயிறு காலைகளில் கூடக் கொஞ்சம் தூங்குகிறார். அந்தத் தகரக் கூரைக் கோயிலையும் இடித்துவிட்டார்கள். மழை பிடித்தால் அந்தத் தகரச் சத்தத்தில் பாட்டு எடுபடாது. நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருப்போம். புதுக் கோயில் கல் கட்டடம். உள்ளே இருந்தால் மழை பெய்வதே தெரிவதில்லை.