இருமலோடு தொடங்கும் பாட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே ஒத்துக்கொள்கிறேன். என்னைக் கட்டின மனிசனுக்கோ வாயில் எந்நேரமும் கொழுக்கட்டை. நான் நூறு கதை கதைத்தால் அவர் ஒரு "ம்" போடுவார். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரு கசெற்றில் குரல் பதிந்து ஊருக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில் பலேர்மோ நகரம், பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா வீட்டில், அதாவது ஒரு வீட்டுக்கார அம்மாவிடம், எனக்கு வேலை. கூட்டுவது, துடைப்பது, சமைப்பது, மலைபோல் குவிகிற உடுப்புகளை அயன் பண்ணுவது. அந்த வீட்டில் மூன்று மதங்கள் இருந்தன. சிஞ்ஞோராவுக்கு மாதா. எனக்கு நல்லூர் முருகன். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு வேல்ஸ் நாட்டு றொக் இசைக்குழு ஒன்று. மகளை நான் சிஞ்ஞோரீனா என்றுதான் கூப்பிடுவேன். அவள் ஆங்கிலம் படிக்க ஒரு கோடைக்கு வேல்ஸ் போனவள், ஒரு மதுக்கடையில் முப்பது பேருக்கு முன்னால் அந்த நாலு பொடியள் பாடக் கேட்டுவிட்டு அடியோடு மாறித் திரும்பி வந்திருந்தாள்.

"வேல்ஸ் எண்டா இங்கிலாந்துதானே?" என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். ஐயோ! அவள் கண்ணை உருட்டினாள். உன்னைச் சிங்களத்தியா என்று கேட்டால் நீ சும்மா இருப்பாயா என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

அன்றிலிருந்து அந்தக் குழுவின் சரித்திரம் முழுக்க அயன் மேசையடியில் எனக்குப் பாடமானது. முதலில் ஒரு பழைய தேவாலய மண்டபத்தில் தாங்களாகவே ஆறு பாட்டைப் பதிந்து, கசெற்றில் பிரதியெடுத்து, மட்டையில் கையால் படம் கீறி, பாடுகிற இடங்களில் விற்றார்கள். பிறகு சின்னக் கொம்பனி ஒன்று முதல் இசைத்தட்டைப் போட்டது. அதன்பிறகு லண்டனில் பெரிய கொம்பனி. அவர்கள், ஆங்கிலத்தில் மட்டும் பாடுங்கோ, உங்கள் பாசை யாருக்கு விளங்கும் என்றார்களாம். பொடியள் விடவில்லை. சண்டை பிடித்து, தங்கள் பாசையில் ஒரேயொரு பாட்டைக் கடைசியில் சேர்த்துவிட்டார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் நான் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு "சபாஷ்!" என்பேன்.

அந்தப் பாட்டு அவர்களுடைய முதல் கசெற்றிலும் இருந்தது. அதில் பாட்டுக்காரன் தொடங்கமுன் ஒருதரம் இருமுவான். லண்டனில் திருப்பிப் பதிந்தபோது இருமலை வெட்டிவிட்டு வயலின் எல்லாம் போட்டு மினுக்கிவிட்டார்கள். "இருமல் எங்கே? அந்த இருமலில்தான் உயிரே இருந்தது!" என்று சிஞ்ஞோரீனா வீடு முழுக்கக் கத்தித் திரிந்தாள். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது.

எனக்கு வேறு கவலை. என் மகள் யாழ்ப்பாணத்தில் என் தங்கையிடம் வளர்ந்தாள். ஒரு வயதில் விட்டுவிட்டு வந்தேன். அவளை இங்கே கூப்பிடுவதற்கு குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் கடுதாசிகள் நகர்கிறதாய் இல்லை. பிள்ளைக்கு நாலு வயதாகிவிட்டது. என் முகமும் தெரியாது, குரலும் தெரியாது. வந்து இறங்குகிற நேரம் என்னை யாரோ என்று பார்த்தால் நான் என்ன செய்வேன்? அந்த நினைப்பு வந்தால் எனக்குச் சோறு இறங்காது. அப்போது எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதுபோல, கசெற்றில் கதைத்துப் பதிந்து, ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடத் தீர்மானித்தேன்.

"ஒரு பழைய கசெற் தருவீங்களோ?" என்று சிஞ்ஞோரீனாவிடம் கேட்டேன். அவள் தொலைபேசியில் இருந்தாள். கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியைக் காட்டி, எடு எடு என்று கையை ஆட்டினாள்.

பெட்டி நிறையக் கசெற். எல்லாம் அச்சடித்த மட்டையோடு பளபளவென்று இருந்தன. ஒன்று மட்டும் கையெழுத்தில், கோணல்மாணலாக ஏதோ படம் கீறி. அச்சடித்ததில் எங்கள் சனம் கைவைக்காது. கையால் எழுதியது என்றால் ரேடியோவில் இருந்து பிடித்ததாக இருக்கும், மேலே பதியலாம். ஊரில் அதுதான் வழக்கம். பெறுமதியானதை விட்டுவிட்டுக் குப்பையை எடுத்த பெருமிதத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பல்லரோச் சந்தைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு அறை. புதிதாய்ப் பதிவதற்காகக் கசெற்றின் மேல் ஓட்டைகளில் ஒட்டுத்தாள் ஒட்டி, படத்தில் வருகிற தாய்மாரைப் போலக் குரலைக் குழைத்துத் தொடங்கினேன். "என்ரை செல்லம், அம்மா கதைக்கிறன்..." முக்கியமான இடத்தில் மனிசன் குசினிக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டார். "இஞ்சேருங்கோ! உந்தப் பைப்பைப் பூட்டுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது? காதென்ன அடைச்சே போச்சு?" அதுவும் பதிந்துபோயிற்று. ஊருக்குப் போகிறவர் அன்று இரவே வெளிக்கிடுகிறார், அழிக்க நேரமில்லை. "நீங்களும் பிள்ளையோடை ரெண்டு வார்த்தை கதையுங்கோவன்" என்று மைக்கை நீட்டினேன். துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகிற கப்பலின் அறைகளை எல்லாம் தனியாகத் துடைக்கிற மனிசன், அந்தச் சின்ன மைக்கைக் கண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். சரி, மற்றப் பக்கம் ரேடியோப் பாட்டோடு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது ரேடியோப் பாட்டு இல்லை என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு காலை வேலைக்குப் போனால் சிஞ்ஞோரீனா தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுத்து இருக்கிறாள். யார் செத்துப்போனது என்று கேட்டேன். குழு உடைந்துவிட்டதாம். பெரிய கொம்பனி கைவிட, ஊருக்குப் போய் மூன்றாவது இசைத்தட்டைத் தாங்களே பதிந்து, அது விலைபோகாமல் ஆளுக்கொரு திக்காய்ப் போய்விட்டார்களாம். இனி அந்த முதல் கசெற்தான் மிச்சம் என்று கட்டிலுக்குக் கீழே கையை விட்டாள்.

பெட்டியை அவள் கவிழ்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது; மட்டையில் கையால் கீறிய படம் என்று அயன் மேசையடியில் கேட்ட பாடம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதில் என் குரலைப் பதிந்து ஊருக்கு அனுப்பிவிட்டதைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பியிருப்பேன். நிலத்தில் குந்தி இருந்து அழுதாள். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். சிஞ்ஞோரா வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டு போனார்.

உடனே தங்கைக்கு எழுதினேன். பதில் வர மாதங்கள் ஆயின.

"அக்கா, இஞ்சை கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டு, நான் மிதிக்க, டைனமோவிலை கசெற் ஓடுது. எனக்குக் களைச்சா உன்ரை குரல் ஆம்பிளைக் குரலாய்ப் போகும். பிள்ளைக்கு நீ குழையிற இடம் பிடிக்காது. அத்தானை நீ ஏசுற இடம் வந்தாத்தான் கை தட்டிச் சிரிப்பாள். அதைத்தான் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லுவாள். மற்றப் பக்கத்திலை ஆரோ இருமிப்போட்டுப் பாடுறான். ஆரெண்டு பிள்ளை கேட்டுக் கேட்டுத் தந்த அரியண்டம் தாங்கேலாமல், அதுதான் உன்ரை அப்பா எண்டு அவளுக்குச் சொல்லிப்போட்டன். கோவிக்காதை. கசெற்றை அனுப்பேலாது. அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் படுக்கிறாள். அவள் வரேக்கை அதுவும் வரும்."

நான் சிரித்துச் சிரித்து அழுதேன். மனிசன் கடிதத்தை மூன்றுதரம் வாசித்துவிட்டு, பாடுகிற அப்பாவுக்கு எங்கே போவது என்று வெளிறிப்போனார்.

அடுத்த வருடம் கடுதாசிகள் சரிவந்தன. பிள்ளை கொழும்புக்கு வந்தாள். மனிசன் ஒருநாள் மெதுவாக, "அந்தப் பாட்டைக் கேக்கேலுமோ?" என்றார். கல்யாணம் கட்டி ஏழு வருடத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி இதுதான் என்றால் நம்புங்கள். சிஞ்ஞோரீனா வாய்க்குள் திட்டிக்கொண்டே லண்டன் இசைத்தட்டில் இருந்து பதிந்து தந்தாள். நான் வேல்ஸ் பாசையைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கப்பலில் கட்டில் விரித்துக்கொண்டே வோக்மனில் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினார். இடையில் சிஞ்ஞோரீனா அதன் பொருளைச் சொன்னாள். மழையில் காணாமல்போன நாயை, வீட்டுக்கு வா வா என்று ஒருவன் மலையடியில் நின்று கூப்பிடுகிறானாம்.

"நாயைக் கூப்பிடுற பாட்டோ? இதைப் பாடியோ என்ரை பிள்ளையைக் கூப்பிடுறது?" என்றார் மனிசன்.

"வந்தாச் சரிதானே. பேசாமல் பாடமாக்குங்கோ" என்றேன்.

விமானநிலையத்துக்கு மூன்று பேராகப் போனோம். நான் என் பிள்ளைக்காக. சிஞ்ஞோரீனா அவளுடைய கசெற்றுக்காக. மனிசன் யாருக்காக என்று சொல்ல முடியாதபடி வியர்த்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நின்றார்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்து மனுசியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். ஐந்தரை வயது. முதுகில் ஒரு பை, நெஞ்சோடு அணைத்தபடி அந்தக் கோணல் படம் கீறிய கசெற். நான் குந்தி இருந்து, இரவும் பகலும் சொல்லிப் பார்த்த வசனத்தைச் சொன்னேன். "என்ரை செல்லம், அம்மா வந்திருக்கிறன்..." அவள் அந்த மனுசியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இன்னொருதரம் சொன்னேன். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாலரை வருடமாய்ப் பயந்தது இதுதான்.

திரும்பிப் பார்த்தால் மனிசன் ஒரு தூணோடு தூணாக நிற்கிறார். எனக்கு அழுகை கோபமாக மாறிவிட்டது. "இஞ்சேருங்கோ! ஏன் உதிலை மரம் மாதிரி நிக்கிறியள்? பிள்ளையின்ரை பையை வாங்கோணும் எண்டு தெரியாதே? காதென்ன அடைச்சே போச்சு?"

சேலைக்குப் பின்னாலிருந்து தலை நீண்டது. வாய் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் வாழ்க்கையில் எனக்கு வாயடைத்த ஒரே நேரம் அது.

பிறகு என் தோளுக்கு மேலால் தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, பாடுங்கோ."

சனம் போகுது, வருகுது. மனிசன் தொண்டையைத் தடவினார், கண்ணை மூடினார், பாடினார். குரலைச் சொல்ல வேண்டாம். கப்பல் சங்கே பரவாயில்லை. ஆனால் ஒரு சொல் பிசகவில்லை. பிள்ளை ஒரு வரி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இல்லை. முதல்லை இருமோணும்."

நான் சிஞ்ஞோரீனாவைப் பார்த்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பிள்ளை குட்டிக் கையை வாயில் வைத்து, அந்தப் பாட்டுக்காரன் இருமுகிறபடியே ஒருதரம் இருமிக் காட்டினாள். சிஞ்ஞோரீனா அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். லண்டன்காரன் வெட்டி எறிந்த இருமல், யாழ்ப்பாணத்தில் சைக்கிள் மிதித்து அவளிடம் திரும்பி வந்திருந்தது.

மனிசன் இருமினார். பிறகு முதலிலிருந்து பாடினார். இரண்டாம் வரியில் பிள்ளையும் சேர்ந்துகொண்டாள், நாயைக் கூப்பிடுகிற இடத்தில் சிஞ்ஞோரீனாவும் சேர்ந்தாள். பாட்டு முடிய, பிள்ளை பையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள்.

கசெற்றைச் சிஞ்ஞோரீனா கேட்கவில்லை. நானாக நீட்டியபோதும் அதைப் பிள்ளையின் கைக்குள் திருப்பி வைத்து, விரல்களை மடித்துவிட்டாள்.