கன்னத்தில் ஒற்றிப் பார்த்த பஞ்சு

எங்கள் தெருவில் மெத்தை தைப்பவருக்குப் பட்டப்பெயர் ஆமை. பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நான்தான் வைத்தேன், மறைப்பானேன். ஒரு தலையணைக்கு இரண்டு மாதம் காத்திருந்தவன் வாயில் வேறென்ன பெயர் வரும்?

இலவம்பஞ்சில் கொட்டை கிடக்கும். கைப்பிடி கைப்பிடியாகப் பிரித்து அதைப் பொறுக்குவார். ஊசி பிடித்துக் காய்த்துப்போன விரல்களை அவர் நம்புவதில்லை. பொறுக்கிய பஞ்சைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். அதற்காகவே தினமும் முகத்தை மழமழவென்று மழித்துவிட்டு வருவார்.

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, படுத்த படுக்கையானார். ஸ்பாஞ்சு மெத்தையில் வேர்த்து வேர்த்து முதுகெல்லாம் புண். ஊருக்கெல்லாம் தைத்த மனிதர் தன் வீட்டுக்கு ஒன்று தைத்ததில்லை. இனி நாள்கணக்குதான் என்று டாக்டர் சொன்ன அன்றே பஞ்சு மூட்டையை அவிழ்த்தார். வீட்டில் வைத்துப் பிரித்தால் தூசியில் அண்ணிக்கு இருமல் வரும். அதனால் கடையில் உட்கார்ந்து பொறுக்கினார்.

"கொஞ்சம் வேகமாப் பண்ணுங்கண்ணே" என்றேன்.

"புண்ணுல ஒரு கொட்டை உறுத்தினாலும் தாங்கமாட்டாப்பா."

நான்காம் நாள் மகள் வந்து நின்றாள். "அப்பா, அம்மா கூப்பிடுறாங்க. மெத்தை வேணாமாம். நீங்க பக்கத்துல இருந்தா போதுமாம்."

அவர் மூட்டையைப் பார்த்தார். பாதிகூட ஆகவில்லை. எழுந்திருக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் தவித்தார்.

"நீங்க போங்கண்ணே. நான் பொறுக்குறேன்" என்றேன், முன்பின் யோசிக்காமல்.

கிரீஸ் போக மூன்று தடவை சோப்புப் போட்டேன். முகம் மழித்தேன். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு பிடிக்கே கால் மணி நேரம் ஆயிற்று. டீக்கடைக்காரரும் தையல்காரரும் சேர்ந்துகொண்டார்கள். மாலையில் அவர் ஓடிவந்து, நாங்கள் முடித்த பஞ்சைக் கன்னத்தில் ஒற்றி, ஒன்றிரண்டு கொட்டையை எடுத்துப் போடுவார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

நாங்கள் பொறுக்க உட்கார்ந்த ஐந்தாம் நாள் பஞ்சை அடைத்து வீட்டுக்குத் தூக்கிப் போனோம். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தே அவர் தையலை முடித்தார்.

அண்ணி அதில் பதினாறு நாள் படுத்திருந்தார். "உறுத்துதா?" என்று அவர் தினமும் கேட்பாராம். அண்ணி இல்லை என்று தலையசைப்பாராம். அந்தத் தலையசைப்பை அவர் முழுதாக நம்பவில்லை.

கடைசியாகக் குளிப்பாட்டிய பெண்களில் ஒருத்தி வெளியே வந்து அவரிடம் சொன்னாள்: "பழைய புண்ணு காஞ்சிருக்குண்ணே. புதுசா ஒண்ணுகூட இல்ல."

அதுவரை கல்லாக நின்றவர் அப்போதுதான் அழுதார்.