பாப்பாத்திக்கு வேன் போட்ட மார்க்

குவீன்ஸ்டவுன் ரத்தினம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பாப்பாத்தி, இளையவன் அண்ணாதுரை. அண்ணாதுரை தேக்கா கடைத்தெருவில் சமையல் கான்ட்ராக்ட் ஆரம்பித்த நாள் முதல் வேன் ஓட்டியது அக்காதான். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கரண்டி ரசம் சிந்தியதில்லை. முன்னால் போகிறவன் பிரேக்கை நினைக்கும்போதே இவள் காலை எடுத்துவிடுவாள். கண் ரோட்டில் இருக்கும், காது பின்னால் பானை மூடியில் இருக்கும்.

அண்ணாதுரை கண்ணை மூடியதும் தொழில் அவன் மகன் சரத்திடம் வந்தது. படித்த பிள்ளை, கஞ்சி வடிக்கத் தெரியாது. புது வேன் ஒன்று வாங்கினான். அது தானே இடைவெளி விடுமாம், தானே பிரேக் போடுமாம், ஓட்டுகிறவருக்கு மார்க் போட்டு முதலாளி போனுக்கு அனுப்புமாம். பாப்பாத்தி பட்டனை அமுக்கி அதை அணைத்துவிட்டுத் தன் காலை நம்பி ஓட்டினாள். அணைத்ததற்கு வேன் போட்ட மார்க் நூற்றுக்கு நாற்பத்தொன்று.

"அத்தை, ஞாயித்துக்கெழமை பொங்கோல்ல நிச்சயதார்த்த ஆர்டர். சிஸ்டத்த ஆஃப் பண்ணாதீங்க. எம்பதுக்குக் கீழ வந்தா வேற டிரைவரத்தான் பாக்கணும்" என்றான் சரத்.

இவள் மடியில் மூத்திரம் பெய்து வளர்ந்த பயல். புருஷனும் பிள்ளையும் இல்லாதவளுக்கு அந்த ஸ்டியரிங்தான் எல்லாம் என்பது அவனுக்குத் தெரியாதா? பாப்பாத்தி பட்டனை அமுக்கிச் சிஸ்டத்தைப் போட்டாள்.

ஞாயிறு பதினொரு மணிக்கு நிச்சயதார்த்தச் சாப்பாட்டை ஏற்றினார்கள். பட்டு ஜிப்பாவோடு சரத்தும் பக்கத்தில் ஏறினான். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ரோட்டில் கால் வைத்தவன் குறுக்கே வருவானா, கூட்டாளியைப் பார்த்து நிற்பானா என்பதை அவன் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவாள் பாப்பாத்தி. வேனுக்குத் தோள் ஏது, முகம் ஏது? எவன் கால் ரோட்டில் பட்டாலும் நின்றது. எக்ஸ்பிரஸ்வேயில் அது விட்ட இடைவெளியில் ஒரு பஸ்ஸே நுழையலாம், கார்க்காரன் விடுவானா? ஒவ்வொருவன் நுழையும்போதும் வேன் பதறிப் பிரேக் போட்டது. மூடிகள் கழன்றன. பாயசம் ஓடிவந்து சரத்தின் புதுச் செருப்பை நனைத்தது.

"அத்தை, ஆஃப் பண்ணிடுங்க" என்று கையை நீட்டினான்.

"தொடாதீங்க மருமகனே. மார்க் போயிடும்."

பொங்கோலில் வண்டி நின்றதும் சரத்தின் போன் மணியடித்தது. மார்க் தொண்ணூற்றாறு, அருமையான ஓட்டுநராம். பெண்ணின் பெரியம்மா பாயசப் பானையைத் திறந்து, அடியில் ஒட்டிக்கிடந்த முந்திரியைப் பார்த்து, யார் ஓட்டியது என்று கேட்டாள். சரத் அத்தையைப் பார்த்தான்.

"நான் சும்மாதாம்மா உக்காந்திருந்தேன். ஓட்டுனது இவரு வாங்குன வேனு" என்றாள் பாப்பாத்தி.

அந்த அம்மாள் சரத்தைக் கேட்டது ஒவ்வொன்றும் கேட்கவேண்டிய கேள்விதான்.

திரும்பும்போது வேனில் ஏறியதும், நாளைக்கு ஆஃப் பண்ணியே ஓட்டுங்கள் என்று முனகினான். பாப்பாத்தி சாவியைத் திருகவில்லை.

"பட்டன நீயே அமுக்கு. மார்க் கொறஞ்சா யாரு அமுக்குனதுன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கணும்."

அமுக்கினான். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுத்தாள்.