விளக்கு ஏற்றாத மூன்று நாட்கள்

அந்த மாதமும் சண்முகப்பிரியா மூன்று நாள் விளக்கேற்றவில்லை. சாமி மாடத்தின் பக்கம் போகாமல் முன்னறையில் தனிப்பாயில் படுத்துக்கொண்டாள். நாப்கினைப் பிரித்து, அப்படியே காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள். எல்லாம் நடிப்பு. மாதவிடாய் நின்று ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மந்தாரக்குப்பத்தில் அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள். அப்பா கொளஞ்சிநாதனுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவருக்குச் சோறு கொண்டுபோனபோதுதான் சுரங்க வாசலில் காக்கி உடுப்பில் காவல் நின்ற பெண்ணைப் பார்த்தாள்; தானும் அப்படி நிற்க வேண்டும் என்று ஆசை வந்தது. அந்த மத்தியக் காவல்படை வேலைக்கு ஒன்று புள்ளி ஆறு கிலோமீட்டரை எட்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். முதல் நாள் பதினொன்று ஆனது. கைப்பேசி வீடியோவில் யாரோ சொன்னதைக் கேட்டு அரிசியை விட்டாள். காலையில் முட்டை வெள்ளைக்கரு, மதியம் ஒரு கிண்ணம் சுண்டல், இரவில் மோர். டவுன்ஷிப் மைதானத்தில் இருவேளையும் ஓட்டம். ஐம்பத்து நான்கு கிலோ நாற்பத்து மூன்றானது. நேரம் ஒன்பது நிமிடத்துக்கு வந்தது.

முதல் மாதம் வராதபோது தொல்லை விட்டது என்றிருந்தாள். மூன்றாவது மாதம் பயம் பிடித்தது. யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தெருநாய் அந்தக் காகிதப் பொட்டலத்தை இழுத்துவந்து வாசலில் கிழித்துப் போட்டது. அம்மா அம்சவல்லி குனிந்து எடுத்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"யாரு?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"யாரும் இல்லம்மா."

"எத்தினி மாசமா நடிச்சிகினு இருக்க? ஒங்கப்பன் ஷிஃப்ட் முடிஞ்சி வர்றதுக்குள்ள சொல்லிடு."

"சத்தியமா யாரும் இல்ல."

"யாரும் இல்லாம எப்பிடிடி நிக்கும்?"

மூன்று மாதமாக அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

நெய்வேலியில் தெரிந்த முகம் எதிர்ப்படும் என்று வடலூருக்குப் பஸ் ஏறினார்கள். டாக்டர் கிருஷ்ணப்ரியா முதலில் சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். காத்திருந்த நேரம் முழுக்க அம்மா மகளின் மணிக்கட்டை விடவே இல்லை. கர்ப்பம் இல்லை என்றதும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சண்முகப்பிரியாவுக்கோ பயம் இரட்டித்தது. அப்படியானால் உள்ளே என்ன கெட்டுப்போயிற்று?

"என்னம்மா சாப்பிடுற?" என்றார் டாக்டர். அவள் சொன்னதைக் கேட்டு முடித்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"உடம்புல இருக்கிற கொழுப்பு, லெப்டின்னு ஒரு ஹார்மோன மூளைக்கு அனுப்பும். கையிருப்பு இருக்குன்னு அதான் சேதி. நீ கொழுப்பக் கரைச்சிட்ட, சேதி கொறைஞ்சிடுச்சி. சாப்பாடு இல்லாம இன்சுலினும் கொறைவு. பஞ்ச காலம்னு மூளை நெனச்சிக்குது. இப்ப புள்ள பெத்தா தாங்காதுன்னு, சினைப்பைக்குப் போற உத்தரவ அதுவே நிறுத்திடுது."

"நாளைக்கி இவளுக்குப் புள்ள பொறக்குமாங்க?"

"கர்ப்பப்பையில கோளாறு இருக்கிற மாதிரி தெரியல. சாப்பிட்டு, ஓட்டத்தக் கொறைச்சா பெரும்பாலும் திரும்பி வரும். எப்பன்னு தேதி சொல்ல முடியாது. இப்பிடியே விட்டா எலும்பு பலம் போயிடும். கால் வலிக்குதா?"

முழங்காலுக்குக் கீழே ஒரு மாதமாக வலித்தது. அதையும் அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"மூணு மாசத்துல ஓட்டத் தேர்வு மேடம்."

"கால் ஒடைஞ்சா யாரு ஓடுவா?"

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "காவலுக்குப் போறதுக்கு முன்னாடியே ஆத்தாகிட்ட திருட்டு வேல."

அதன்பின் தட்டு நிறையச் சோறு வந்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் இரண்டு பயம். தின்றால் ஓட்டம் குறையும். தின்னாவிட்டால் உள்ளே எதுவும் அசையாது. பலாச்சுளையைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தினமும் அவளேதான் விளக்கேற்றினாள். அம்மா அடுப்படியிலிருந்து பார்ப்பாள். எரிகிற சுடரே இன்றும் வரவில்லை என்று இருவருக்கும் சொல்லிவிடும். ஒரு மாதம் போனது. இரண்டாவதும் போனது.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, ஒரு மாலை அவள் மாடத்துக்கு எட்டவே நின்றுவிட்டாள்.

"வௌக்கேத்தலியா?"

"நீ ஏத்தும்மா."

"மறுபடியும் நாடகமா?"

"இல்லம்மா, நெசமாத்தான்."

அம்சவல்லி தானே தீப்பெட்டியை எடுத்தாள். மூன்றாவது குச்சியில்தான் திரி பற்றியது.