நார்மல் முகம்

"மூச்ச அடக்காதீங்க. கேமராதான், ஊசி இல்ல." சொல்லிக்கொண்டே ஸ்டூடியோக்காரர், முக்காலியில் விறைத்து உட்கார்ந்திருப்பவரின் காலரை இரண்டு விரலால் நிமிர்த்துவார். பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்து, திரும்ப வந்து அதே காலரை மறுபடியும் நிமிர்த்துவார். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு இவ்வளவு பாடா என்று முணுமுணுக்காதவர்கள் குறைவு.

படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்துவதற்கு அவரிடம் ஒரு கணக்கு உண்டு. பரு, சவரக் கீறல், தூங்காத கண்ணின் வீக்கம் எல்லாவற்றையும் கேட்காமலே எடுத்துவிடுவார். "அது வந்துட்டுப் போறது." மச்சம், தழும்பு, மாறுகண் பக்கம் கை போகாது. "இது கூடவே இருக்கிறது."

அவரிடம் சொல்லக்கூடாத சொல் ஒன்று இருக்கிறது: நார்மல். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். காதை நார்மலாக்கு, பல்லை நார்மலாக்கு. ஒருவர் வழுக்கையைத் தடவிக்கொண்டு கேட்டபோது, "உமக்கு இதுதான்யா நார்மல்!" என்று கத்தி ஒரு வாடிக்கையை இழந்தார். வீட்டில் சாப்பாட்டில் கைவைத்தபடி, "எவன் மூஞ்சிய அளவா வச்சுக்கிட்டு இந்த வார்த்தையப் பேசறாங்க?" என்பார்.

"நீங்க சாப்பிடும்போது கத்தறது மட்டும் நார்மலாக்கும்" என்பாள் மனைவி.

நேற்று ஓர் அம்மா மகளோடு வந்தாள். வேலைக்கு விண்ணப்பிக்கப் படம். பெண்ணின் இடக்கன்னத்தில், பிறந்தபோதே இருந்த கருநீலத் திட்டு, கண்ணோரத்திலிருந்து தாடை வரை.

"மத்தபடி நார்மலான பொண்ணுண்ணே. படத்துலயும் நார்மலா வந்துட்டாப் போதும்."

"அப்ப இது யாரு? உங்க பொண்ணு இல்லையா?" அவர் குரல் தெருவுக்குக் கேட்டது. "நேர்ல போய் நின்னா, படத்துல இருந்தவ எங்கன்னு கேக்க மாட்டானா?"

"நேர்ல கூப்பிட்டாத்தானே நிக்கிறதுக்கு!" அம்மாவும் கத்தினாள். "உள்ளபடி அனுப்பின படத்துக்கு ஒருத்தரும் கூப்பிடல. அவங்களப் போய்க் கேளுங்களேன் இந்தக் கேள்விய. எங்கிட்ட எதுக்குக் குதிக்கிறீங்க?"

அவருக்குக் கோபம் இறங்கவில்லை. போக இடம் தெரியாமல் அப்படியே நின்றது.

பெண் இதற்குள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இத அழிச்சு அனுப்பின படத்துக்குக் கூப்பிட்டாங்களேம்மா. என்ன ஆச்சு? வாசல்லயே நிக்க வச்சு, என்னையும் படத்தையும் மாறி மாறிப் பாத்தாங்க. அந்தப் பார்வை இன்னொரு தடவ வேண்டாம்." அவர் பக்கம் திரும்பினாள். "எதையும் எடுக்காதீங்க சார். கூப்பிடறவங்க கூப்பிடட்டும்."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் வலப்பக்கம் நின்ற விளக்கை ஒயரோடு தூக்கிவந்து, அவளுடைய இடக்கன்னத்துக்கு நேராக வைத்தார்.