கழுத்தக்காவின் கை

ஜெல் பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிச் சூடாக்கிக்கொண்டே, "கழுத்தைக் குடுங்க" என்கிறார். குடிக்கத் தண்ணீர் கேட்கிற மாதிரி கேட்கிறார். அல்ட்ராசவுண்ட் அறையில் படுத்திருப்பவர் ஒரு கணம் விழிப்பார், அப்புறம் சிரித்துவிடுவார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் கழுத்தக்கா என்றுதான் பெயர்.

கழுத்துச் சிரைகளில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது அவர் வேலை. ஓட்டம் திரையில் நீலமாகத் தெரியும். கருவியின் முனையைக் கொஞ்சம் அழுத்தினாலும் சிரை நசுங்கி நீலம் காணாமல் போய்விடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து, அடைப்பு என்று அலறுவார்கள். "மாவா பிசையுற? கையைத் தூக்கும்மா, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்பார். முடிந்ததும் ஜெல்லை நோயாளி துடைக்கக் கூடாது. குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுகிற அம்மா போல அவரே அழுத்தித் துடைப்பார். அவரைப் பற்றி எழுதப்போன என் கழுத்தும் அப்படித் தேய்பட்டது, நெடுநேரம் எரிந்தது.

அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது. கருவிக்குப் புது முனை வந்திருந்தது. நல்ல கழுத்து ஒன்றில் சோதிக்காமல் நோயாளிமேல் வைக்கமாட்டார். காவலாளியில் தொடங்கிக் கண்ணில் படுகிறவர் வரை எல்லோரும் அவருக்குக் கழுத்தை இரவல் கொடுத்தவர்கள்தான். அன்று அகப்பட்டவர், வீட்டுச் சாவி வாங்க வந்த அவர் கணவர்.

"இடப்பக்கம் கனமா இருக்குன்னு சொல்லிட்டே இருக்கேனே, அப்படியே அதையும் பாரு."

"தலையணையை மாத்துங்கன்னு நானும் சொல்லிட்டேதான் இருக்கேன். பேசாம படுங்க."

வலப்பக்கம் நீலம் ஓடியது. இடப்பக்கம் வைத்தார். கறுப்பு.

"பாத்தீங்களா, நானே அமுக்கிட்டேன்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கையைத் தளர்த்தினார். நீலம் வரவில்லை. முனை ஜெல்லில் மிதக்கிற அளவுக்குத் தளர்த்தினார். அப்போதும் வரவில்லை. பிறகு வேண்டுமென்றே மெல்ல அழுத்தினார். நல்ல சிரை அதற்கு மூடிக்கொள்ளும் என்று காலையில்தான் எனக்குச் சொல்லியிருந்தார். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் மூடாதாம். அந்த இடத்தைத் தேய்த்தால் அது பெயர்ந்துவிடலாமாம், நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொண்டுபோய்விடுமாம்.

மூடவில்லை. அக்காவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்ன, கழுத்து பாஸா?" என்றார் கணவர்.

"டாக்டரைக் கூப்பிடுங்க" என்று அக்கா என்னிடம் சொன்னார். கணவருக்குக் கேட்காதபடி உதட்டை மட்டும்தான் அசைத்தார். நான் கதவைத் திறக்கும்போது பின்னால் முணுமுணுப்புக் கேட்டது. "தலையணைன்னு சொன்னேனே... நான் போயி தலையணைன்னு சொன்னேனே..."

டாக்டரோடு ஓடி வந்தேன். கணவர் இன்னும் படுத்திருந்தார். "ஜெல் வழியுது, துடைச்சு விடேன்" என்றார். அக்காவின் கையில் டிஷ்யூ இருந்தது. கழுத்துவரை போன கை, தொடப் பயந்து அப்படியே நின்றது. சரி, நாமே துடைத்துக்கொள்வோம் என்று கணவர் கையைத் தூக்கினார். அக்கா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். டாக்டர் கிட்டே போய் விடுவிக்கும்வரை, விரல்கள் வெளுக்கும்படி, அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.