மாமாவுக்கு நீச்சல் தெரியாது

முருகனை நம்பி என்னோடு திருத்தணிக்கு நடக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம். போன கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், என் மைத்துனன் தாமோதரனை ஏரித் தண்ணீருக்குள் மிதித்துத் தள்ளினேன். நான் மேலே வருவதற்காக அவனை மிதித்தேன். நீங்கள் இதுவரை கேட்டது வேறு கதை. அதனால்தான் இதை எழுதிக்கொண்டு வந்து படிக்கிறேன். வாய்ப்பேச்சாகச் சொன்னால் எங்காவது மழுப்பிவிடுவேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். நகரியில் தறி ஓட்டுகிற சேகர். என் மனைவி கஸ்தூரியின் தம்பிதான் தாமோதரன். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. வாரம் முழுக்கத் தடாவில் ரூம் எடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமை வீட்டுக்கு வருவான். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் நிறுத்தினால் எனக்குத் தறி ஓடாது. இரண்டு பேரும் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவோம்.

பெண் பார்க்கப் போன அன்று மாமனார் என்னிடம், "கெணத்து வீட்டுக்கு மாப்ளையா வர்றீங்க, நீச்சல் தெரியும்ல?" என்று கேட்டார். கஸ்தூரி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கோயில் குளத்தை நிற்காமல் மூன்று தரம் கடந்திருக்கிறேன் என்று அடித்துவிட்டேன். எனக்கு இடுப்பளவு தண்ணீர் என்றாலே நெஞ்சு அடைக்கும். பதினாறு வருடம் அந்தப் பொய்யைச் சளி, காது வலி என்று சாக்குச் சொல்லியே காப்பாற்றினேன்.

கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு எடுத்ததிலிருந்து தாமோதரன் ஏரிக்கு ஆரஞ்சு நிற லைப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வருவான். கயிறு கட்டிய காலித் தண்ணீர் கேன் ஒன்றையும் கரையில் வைத்துக்கொள்வான். நன்றாக நீந்தத் தெரிந்தவன் அவன். ஒன்றும் தெரியாத நான் அவனைக் கிண்டல் செய்வேன். அன்றைக்கும், "இத்தப் போட்டுக்கினு வந்தா மீனுங்க இன்னா நெனைக்கும் மச்சான்? கழட்டி வண்டியில வெய்யி" என்றேன். வழியில் டீக்கடையில் நின்றிருந்த நாலு பேர் சிரித்தார்கள். அவன் முகம் சிறுத்துப்போய், கழற்றி வண்டியிலேயே வைத்துவிட்டான். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மழை பெய்து ஏரி நிறைந்திருந்தது. என் தூண்டில் முள் தண்ணீருக்குள் எதிலோ மாட்டிக்கொண்டது. "அறுத்துட்டு வேற முள்ளு கட்டு மாமா" என்றான் தாமோதரன். மற்றவர்கள் அறுத்திருப்பார்கள். தறிக்காரன் அறுப்பானா? அறுந்த நூலை முடிச்சுப் போட்டே வளர்ந்த கை இது. தூண்டில் நரம்பைத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற மாதிரி இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே, லுங்கியை மடித்துக் கட்டி இறங்கினேன். முழங்கால் தண்ணீர்தானே என்று நினைத்தேன். கோடையில் அங்கே மண் அள்ளிய பள்ளம் இருந்தது எனக்குத் தெரியும். எந்த இடம் என்பதுதான் தெரியவில்லை. அடுத்த அடிக்குத் தரையே இல்லை.

தாமோதரன் யோசிக்காமல் குதித்தான். அவன் பக்கத்தில் வந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். பிறகு அவன் தோளில் ஏறினேன். "முருகா, என்னைக் காப்பாத்து" என்று கத்தினேன். என்னை என்றுதான் கேட்டேன். காலுக்குக் கீழே இருப்பது அவன் தோள் என்று தெரிந்தும் அப்படித்தான் கேட்டேன்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தெலுங்குக்கார அம்மா ஓடி வந்து, நான் கேலி செய்த அதே கேனைத் தூக்கி எறிந்தார். "பட்டுக்கோ! வதலொத்து!" பிடித்துக்கொள், விடாதே என்று கத்தினார். பிடித்துக்கொண்டேன். கயிற்றைப் பனைமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி என்னை இழுத்தார். கால் தரையில் பட்டதும் திரும்பிப் பார்த்தேன். தாமோதரனைக் காணவில்லை.

"ஈத்த ராதா நீக்கு?" உனக்கு நீச்சல் தெரியாதா என்று கேட்டார்.

"ராதம்மா" என்றேன், தெரியாது என்று. அந்த உண்மை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. வெட்கப்படக்கூட நேரமில்லை.

மணிக்கட்டில் தூண்டில் நரம்பு இறுகி ரத்தம் வந்துகொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன், கனத்தது. நரம்பு அவன் மேலேயும் சிக்கியிருக்க வேண்டும். அந்த அம்மா கயிற்றை என் இடுப்பில் கட்டி, கேனை அக்குளில் கொடுத்து, மறுமுனையை மரத்தோடு பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை வேறு மாதிரி கேட்டேன். "முருகா, அவனைக் குடு. எல்லார் எதிர்லயும் உண்மையச் சொல்லிடறேன்." நரம்பைப் பிடித்துக்கொண்டே போனேன். நாலு பிடியில் அவன் சட்டை கையில் பட்டது. விடாமல் பிடித்துக்கொண்டேன், அந்த அம்மா கயிற்றை இழுத்தார்.

கரையில் போட்டபோது அவனிடம் அசைவில்லை. அந்த அம்மா அவன் வாயிலிருந்த சேற்றை வழித்துவிட்டு, வாயோடு வாய் வைத்து ஊதினார். இருமினான். அந்த இருமலைத்தான் நான் முருகன் கொடுத்த பதிலாக இன்றுவரை நினைக்கிறேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தான். அதற்குள் நான் பழையபடி ஆகியிருந்தேன். என்ன ஆச்சு என்று கஸ்தூரி கேட்டபோது, "வழுக்கி விழுந்துட்டான், நான் எடுத்தேன்" என்றேன். மாமியார் என் காலைத் தொடக் குனிந்தார். பதறி விலகினேனே தவிர, வாய் திறக்கவில்லை. திருத்தணியில் மொட்டை போட்டேன். முருகனுக்குச் சொன்னது மொட்டை அல்ல. பிறகு நம் குழுவில் எனக்குச் சால்வை போட்டீர்கள். அதையும் போட்டுக்கொண்டேன். ஒருநாள் சந்தையில் அந்த ஆட்டுக்கார அம்மாவைப் பார்த்ததும் வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தேன். சீ, என்ன மனுஷன் நான்!

சித்திரையில் எதிர்வீட்டு பாபு தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் முதுகில் புதுக் கேன் கட்டியிருந்தது. "உங்க கையில உட்டா பயமே இல்லண்ணா. இதுக்கு நீச்சல் கத்துக் குடுங்க" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தது. இன்னொரு உயிரையும் என் பொய் கேட்கிறது என்று புரிந்தது.

அன்று சாயங்காலமே கஸ்தூரியையும் தாமோதரனையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தாமோதரன் தரையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும் மாமா. உன் காலு என் தோள் மேல இருந்திச்சே, தெரியாம பூடுமா?" என்றான்.

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

நான் அழுதேன். கஸ்தூரி உள்ளே போய்ப் பீரோவிலிருந்து சால்வையை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். "இது யாருதோ அவங்க கையில குடுத்துட்டு வந்து எங்கிட்ட பேசு" என்றாள்.

இப்போது தாமோதரன்தான் எனக்கும் பாபு மகளுக்கும் கிணற்றில் நீச்சல் சொல்லித் தருகிறான். அவள் கேனைக் கழற்றிவிட்டாள். எனக்கு இன்னும் தேவைப்படுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். தூண்டில் போடுகிறவர்களே, ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். முள் மாட்டினால் நரம்பை அறுத்துவிடுங்கள். நீந்தத் தெரியாது என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். முருகனைக் கூப்பிடுங்கள், அவன் கேட்பான். என்னைப் போன்றவன் கூப்பிட்டதையே கேட்டிருக்கிறான். கேட்டுக் கொடுத்த பிறகு என்னை மாதிரி அவனை ஏமாற்றாதீர்கள்.

ஆட்டுக்கார அம்மாவை இன்று அழைத்து வந்திருக்கிறேன். கடைசி வரிசையில், பச்சைச் சேலையில், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். சால்வை என் பையில்தான் இருக்கிறது. இந்தத் தாளை மடித்ததும் போய் அவர் தோளில் போடப்போகிறேன். கை தட்டுவதாக இருந்தால் அப்போது தட்டுங்கள்.